ஐயரவர்களும் நிகண்டு மனனமும்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பெருவழியில், ஏறக்குறைய நடுவிடத்தே, திருக்கழுக்குன்றம் என்னும் பழம்பதி உளது. வேதகிரி மலையும், பன்னீராண்டிற்கு ஒருமுறை சங்கு தோன்றும் என நம்பப்படும் தீர்த்தமும், உச்சிப்போதில் அமுதுண்ண வந்துகொண்டிருந்து இக்காலத்தே வாராதொழிந்த இரு கழுகுகளும் அவ்வூர்க்குப் பெயர் தந்தன. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் முதலிய இடங்களிலிருந்து ரயிலேறிக் கலாசாலைக்கு வரும் நம் மாணாக்கருட் பலர் அம்மலையில் ஏறியிருப்பர். ஆயினும், மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28ஆம் நாள் உயிர் நீத்தது அவ்வூரிலேதான் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

ஐயரவர்கள் ஏடு தேடிய வரலாற்றையும், பழைய நூல்களைப் பதிப்பித்த வரலாற்றையும் இத்தகைய பத்திரிகைகளில் பலர் பலமுறை எழுதியுள்ளனர். அவற்றை மீண்டும் விரித்துரைத்தல் நம் கருத்தன்று. அவர் சொற்களைக் கற்றது எவ்வாறு, கற்ற சொற்களை எழுபதாண்டுகள் மறவாதிருந்தது எவ்வாறு என்னும் ஒரு பகுதியை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். இதற்குக் காரணமும் உண்டு. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் நாம் ஆண்டுதோறும் அருஞ்சொற்களை நூற்றுக்கணக்கில் படிக்கிறோம். பரீட்சைக்கு முந்திய இரவில் விளக்கெரியப் படிக்கிறோம். விடைத்தாளில் அவற்றைக் கொட்டிவிட்டுக் கோடை விடுமுறைக்கு ஊர் செல்கிறோம். மறுபடி கலாசாலை திறக்கும்போது அச்சொற்களிற் பத்தில் இரண்டேனும் நம்மிடம் எஞ்சுவது அரிது. இது ஒருவர் இருவர் குறையன்று. விடுதியிற் கேட்டால் எல்லோரும் இதனையே கூறுவர்.

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார்கள். தந்தையார் வேங்கடசுப்பையர், சங்கீத வித்துவான், இராமாயணப் பிரசங்கம் செய்து கிடைத்ததைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். சொந்த ஊர் பாபநாசத்திற்கு அருகிலுள்ள உத்தமதானபுரம். பிறந்தது தாயாரின் ஊராகிய சூரியமூலையில். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்னும் பெயரே பிற்காலத்து ஆசிரியரால் விரும்பப்பெற்று உலகறிந்த பெயராயிற்று.

அவர்களுடைய முதற்பள்ளிக்கூடம் ஒரு திண்ணை. அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றி இக்காலத்தார் எண்ணும்போது பிரம்பும் கோதண்டமுமே முன்னிற்கின்றன. அவை இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றோடு மற்றொன்றும் இருந்தது. பிள்ளைகள் விடியுமுன்பே வந்து, வெளிச்சமில்லாமையால் சுவடி பார்க்க வழியின்றி, முன்னாட் பாடங்களை வாயாற் சொல்லுவர். பொழுது புலர்ந்தபின் மணலில் எழுதுவர். மாலையில் வீடு செல்லும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், இவைபோன்ற சில பெயர்களைச் சொல்லியனுப்புவார். இரவு கழிந்து மறுநாட் காலையில் அவன் அவற்றை மறவாமற் சொல்லவேண்டும். ஞாபக சக்தி வளர்வதற்கென்றே ஏற்பட்ட இவ்வழக்கத்தை ஐயரவர்கள் தம் முதுமையிலும் நினைந்து தம் சரித்திரத்திலே எழுதியுள்ளார்கள். இது சிறு பிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் சொல்லியதும் உடனே திருப்பிச் சொல்லச் செய்யாது, ஓர் இரவை இடையே வைத்து, அதன்பின்னர்ப் புத்தகத் துணையின்றிச் சொல்லச் செய்தலில் உள்ள நுட்பம் சிறிதன்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

மணலில் எழுதும் வழக்கத்தைச் சென்னையிற் கண்டு வியந்த ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார், எழும்பூரிலிருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் பள்ளியில் அதனைக் கையாண்டு, மூத்த மாணாக்கன் இளையோனுக்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு சேர்த்து, 1797இல் இங்கிலாந்திற் புத்தகமாக வெளியிட்டார். மணலும் சட்டாம்பிள்ளையும் இவ்வாறு கப்பலேறின. ஓர் இரவு இடைவிட்டுக் கேட்கும் வழக்கம் மட்டும் அவர் கண்ணிற் படவில்லை போலும்!

வேங்கடசுப்பையர் தம் மகன் தமிழிற் காட்டிய விருப்பத்தைக் கண்டு, எங்கே நல்லாசிரியர் உளர் எனக் கேள்வியுற்றாரோ அங்கே குடும்பத்தோடு பெயர்ந்து சென்றார். அரியலூரிற் சடகோபையங்கார் தமிழ்ச்சுவையை ஊட்டினார். குன்னத்திலும் கார்குடியிலும் செங்கணத்திலும் வாழ்ந்தோர் புராணமும் நன்னூலும் காரிகையும் கற்பித்தனர். ஓரூரிற் கற்றது அடுத்த ஊரிலே மீண்டும் சோதிக்கப்பட்டது; புதிய ஆசிரியர் ஒவ்வொருவரும் முன்பு என்ன கற்றாய் என்றே முதலிற் கேட்பராதலின், பழைய பாடத்தைக் கைவிடுதற்கு இடமே இல்லாமற் போயிற்று. இவ்வூர் மாற்றங்களால் நேர்ந்த வறுமையையும் அலைச்சலையும் நாம் சுருக்கிவிடுகிறோம். அவற்றை அவர் கையெழுத்தாலேயே படித்தல் நன்று.

இனி நிகண்டைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம்முடன் பயிலும் நண்பருள்ளே நிகண்டு என்பதனைப் பெயரளவில் மட்டும் அறிந்தார் பலர். அகராதி என்பது எழுத்து முறையால் அடுக்கப்பட்டது. வேண்டும்போது எடுத்துப் பார்ப்பது. நிகண்டோ செய்யுளால் ஆயது. நெஞ்சில் இருத்தற்கென்றே இயற்றப்பட்டது. மண்டல புருடர் என்னும் சைனப் புலவர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளையுடையது. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள் வகையாற் சொற்களைத் திரட்டிக்கொண்டு போய், பதினோராந் தொகுதியில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறி, பன்னிரண்டாவதில் தொகைப் பெயர்களைக் கூறி முடிகிறது. பதினோராந் தொகுதி எதுகை முறையில் அமைந்தது. ஒரு செய்யுளைச் சொல்லத் தொடங்கினால் அதன் ஓசை அடுத்த சொல்லைத் தானே இழுத்துவரும். அச்சுப் புத்தகம் அரிதாகவும், ஏட்டுச் சுவடி செல்வர் வீட்டிலும் மடங்களிலுமே இருந்த காலத்தில், ஏழை மாணாக்கன் ஒருவன் எங்கே சென்றாலும் உடன்கொண்டு செல்லத்தக்க அகராதி அவன் நாவில் உள்ள நிகண்டு ஒன்றே. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை இயற்றி எழுத்து முறை அகராதிக்கு வழிகாட்டிய பின்னரும் நூறாண்டுக்கு மேல் நிகண்டே பள்ளிகளில் ஆட்சி புரிந்தமைக்குக் காரணம் இதுவே.

ஐயரவர்கள் இளமையிலே சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளையும் மனனம் செய்துகொண்டார்கள். அம்மனனம் பயன்பட்ட நாள் ஒன்று அவர் வாழ்க்கையில் உண்டு.

1871ஆம் ஆண்டு. ஐயரவர்களுக்குப் பதினாறு வயது நிரம்பியிருந்தது. நம்மினும் இரண்டு மூன்றாண்டு இளையவர். தந்தையார் மகனை அழைத்துக்கொண்டு மாயூரத்திற்கு வந்து, திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் முன் நின்றார். தமிழ்நாட்டில் அன்று பிள்ளையவர்களுக்கு மேற்பட்ட ஆசிரியர் இலர். சாதி மதம் பாராது பாடஞ் சொன்ன பெரியார் அவர். மாயூரத்து முன்சீபாயிருந்த கிறிஸ்தவராகிய வேதநாயகம் பிள்ளையவர்களின்மீது அவர் குளத்துக்கோவை பாடிய செய்தி நம் வாசகர்க்குப் புதிதன்று. ஆயினும் வந்தவனை உடனே ஏற்றுக்கொள்ள அவருக்கு மனம் எழவில்லை. பலர் வருவதும், சிலகாலம் கேட்பதும், இடையிலே விட்டுப்போவதும் கண்டு அவர் சலிப்புற்றிருந்தார். தந்தையாரிடமோ பெருந்தொகை இல்லை. மகனை வேறிடத்தில் வைத்துக் கற்பிக்கும் வழியும் இல்லை. அன்று திரும்பிப்போக நேர்ந்திருந்தால், அப்பிள்ளை இராமாயணப் பிரசங்கத்திலே தந்தைக்குத் துணையாயிருந்து காலங்கழித்திருக்கக் கூடும்.

பிள்ளையவர்கள் பையனைப் பார்த்து ஏதேனும் ஒரு பாடலைச் சொல்லப் பணித்தார்கள். அவர் நைடதத்திலிருந்து சொன்னார். நாக் குழறியது, உடல் நடுங்கியது, மேலும் சில சொன்னார். பிறகு, நிகண்டு மனப்பாடம் உண்டோ என்ற வினா பிறந்தது. பன்னிரண்டு தொகுதியும் பாடம் என்று விடை வந்தது. சில செய்யுட்களைச் சொல்லச் செய்து கேட்ட அப்பெரியார், நிகண்டை மனனம் செய்தல் நல்லதென்றும், அக்காலத்து மாணாக்கரிடையே அவ்வழக்கம் ஒழிந்துவருகிறதென்றும், எடுத்துச் சொன்னாலும் கேட்பார் இல்லையென்றும் கூறி மகிழ்ந்தார்கள். நாம் இதனைப் படித்தபோது வியப்புற்றோம். மனனம் ஒழிந்துவிட்டது என்னும் முறையீடு நம் பேராசிரியர்கள் வகுப்பில் எழுப்புவது. அது நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடையதென்று யார் எண்ணியிருப்பர்? எப்படியாயினும், பையன் ஏற்றுக்கொள்ளப்பட்டான்.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. நிகண்டு பாடமாயிருந்தோர் அந்நாளில் ஆயிரவர் இருந்திருப்பர். அவருட் பெரும்பாலோர் அதனைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்து, இல்லறத்திற் புகுந்து, மறந்தே போயினர். ஐயரவர்களிடத்து மட்டும் அது நின்று பயன்பட்டதேன்? இதற்கு விடை பிள்ளையவர்கள் பாடஞ்சொல்லிய முறையில் இருக்கிறதென்று நமக்குத் தோன்றுகிறது.

பிள்ளையவர்கள் முதலிற் கற்பித்தவை அந்தாதிகள். அவற்றுள்ளும் திரிபந்தாதிகளும் யமக அந்தாதிகளும் பல. யமகம் என்பதனை நம் நண்பர் அறிவர். ஒரே எழுத்துத் தொடர் நான்கடியிலும் வரும். அடிதோறும் வேறு வேறு பொருள் தரும். அதனைப் பிரித்துப் பொருள் காண்பவன், பதினோராந் தொகுதியிற் கண்ட பல பொருள்களை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்துப் பொருத்திப் பார்க்கவேண்டும். அரியலூர்ப் பக்கத்தில் எப்போதோ உருச்செய்த சொல் ஒன்று, பல மாதங் கழித்து மாயூரத்திலே ஓர் அந்தாதியின் மூன்றாமடியில் எதிர்ப்படுகிறது. அதனை முயன்று நினைவுகூர்கிறார். சில வாரங் கழித்து அதே சொல் ஒரு பிள்ளைத்தமிழில் வருகிறது. இப்போது முயற்சி குறைவு. ஓராண்டு கழித்து ஒரு தல புராணத்தில் வருகிறது. நினைவு தானாகவே எழுகிறது. அந்தாதி நூறு செய்யுளும் ஒன்றன் முடிவு மற்றொன்றின் முதலாகத் தொடுக்கப்பட்டமையின், அதுவும் மறதிக்கு இட்ட ஒரு பூட்டு. பிள்ளையவர்கள் தாம் புராணம் பாடும்போது வாயாற் சொல்லிக்கொண்டே போவார். மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். ஐயரவர்களும் அவ்வாறு எழுதினவர்கள். எழுதும்போது அதே சொற்கள் புதிய கோலத்தோடு மறுபடியும் செவிவழி வந்தன. இவ்வாறு நிகண்டு ஒருமுறை கற்று மூடிவைக்கும் சுவடியாகாமல், விட்டுவிட்டு இடைவெளி நீண்டுகொண்டே போகும் ஒரு பயிற்சியாயிற்று. திட்டமிட்டுச் செய்தது என்று நாம் சொல்லவில்லை. பாடமுறையே அவ்விதம் அமைந்திருந்தது.

இதனை மேனாட்டார் ஒருவர் அளவிட்டுக் காட்டினார். எபிங்கவுஸ் என்னும் ஜெர்மானியர் ஐயரவர்களுக்கு ஐந்தாண்டு மூத்தவர். 1850இற் பிறந்து 1909இல் இறந்தார். அவர் பொருளற்ற அசைகள் சற்றேறக்குறைய 2300 உண்டாக்கி, அவற்றை வரிசை வரிசையாகத் தாமே மனனம் செய்து, குறித்த காலங் கழித்து மறுபடியும் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறதென்று கணக்கிட்டார். இருபது நிமிஷங் கழித்து நூற்றுக்கு 58 பங்கு மிச்சம்; ஒரு மணி கழித்து 44; ஒரு நாள் கழித்து 34; ஆறு நாள் கழித்து 25; முப்பத்தொரு நாள் கழித்து 21. மறதி முதலிலே வெள்ளம்போற் பாய்ந்து, பின்னர் மெல்ல ஊறுகிறதென்பது இதனாற் பெறப்பட்டது. இன்னொன்றும் கண்டார். பன்னீரசை கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் 68 முறை சொல்லியதனால் உண்டான பயனை, மூன்று நாட்களிற் பிரித்து 38 முறை சொல்லியே பெறலாயிற்று. பாதிக்குச் சிறிதே மிகுந்த உழைப்பு. பயனோ அதே அளவு. இச்செய்திகளடங்கிய நூல் 1885இல் வெளியாயிற்று. அதே காலத்தில் ஐயரவர்கள் கும்பகோணத்திலே சீவகசிந்தாமணி ஏடுகளோடு போராடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் ஒரே பொருளின் இருபுறத்திலும் நின்றனர்.

விடியற்காலையில் இருட்டிலே பாடஞ் சொன்ன திண்ணைப் பிள்ளைகளுக்கும், மாலையிற் கேட்ட பூவின் பெயரைக் காலையிற் சொன்ன பிள்ளைகளுக்கும் எபிங்கவுஸ் வேண்டியதில்லை. ஆனால் நமக்கு வேண்டும். ஏனெனின் நாம் 68 முறைக்காரர்.

பிள்ளையவர்கள் 1876 பிப்ரவரி 1ஆம் நாள் திருவாவடுதுறையில் இறைவனடி சேர்ந்தார்கள். ஐயரவர்கள் மடத்திலே சுப்பிரமணிய தேசிகர் ஆதரவில் இருந்து பாடஞ்சொல்லி வந்து, 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது அவரிடத்தில் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலைத் தமிழாசிரியரானார்கள். செய்யுளை இராகத்தோடு பாடிப் பொருள் கூறுவது அவர்கள் வழக்கம். குலவித்தையாகிய சங்கீதமும், மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சிறிது காலம் பெற்ற பயிற்சியும் அதற்குத் துணைசெய்தன. ஓசையோடு கேட்ட சொல் மாணாக்கர் செவியில் நெடுநாள் ஒலித்திருக்கும் என்பதில் தடையில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர்கள் கண்டார்கள். என்னென்ன படித்தீர் என்று முதலியார் கேட்க, ஐயரவர்கள் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் எல்லாவற்றையும் அடுக்கினார்கள். முதலியார் முகத்தில் மகிழ்ச்சியின் குறி எதுவும் தோன்றவில்லை. இவற்றாற் பயன் என்ன என்ற பொருள்பட அவர் பேசி, சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை இவற்றைப் படித்ததுண்டோ என்று வினவினார். ஐயரவர்கள் படித்ததில்லை, பிள்ளையவர்களுமே பாடஞ்சொன்னதில்லை. பன்னிரண்டு தொகுதி நிகண்டும் நூற்றுக்கணக்கான பிரபந்தங்களும் நெஞ்சிலே நிறைந்திருந்த ஒருவர்க்கு இருபத்தைந்தாம் வயதில் இப்படி ஒரு நாள் வருமாயின், அவர் சினங் கொண்டு எழுந்து போதல் இயல்பு. ஐயரவர்கள் அவ்வாறு செய்யாமல், முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கினார்கள்.

படித்தபோது நிகண்டு கைகொடுக்கவில்லை. சொல் தெரிந்த இடத்திற் செய்தி தெரியவில்லை. சைன சமயக் கருத்துக்களும் குறியீடுகளும் நிகண்டிற் காணாதவை. நச்சினார்க்கினியர் உரையிலோ எந்த நூலினது என்ற குறிப்பேயின்றி மேற்கோள் அடிகள் மிகப்பல வந்தன. நெட்டுருவையே கல்வி என்று நம்பினோர்க்கு இவ்விடம் ஒரு பாடம். சொற்களஞ்சியம் எவ்வளவு பெரிதாயினும், சொல் வழங்கிய உலகை அறியாதவன் வாயிலில் நிற்பவனே. ஐயரவர்கள் கும்பகோணத்திலிருந்த சைன அன்பர்களிடம் சென்று, கல்லூரி ஆசிரியர் என்ற மானம் பாராது, மாணாக்கர்போல் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார்கள்.

எனினும் பழைய மனனப் பழக்கம் வீண்போகவில்லை. அதன் இரண்டாம் பயன் இங்கேதான் தொடங்கிற்று. உரையில் வந்த பெயரற்ற மேற்கோள் அடி நெஞ்சிலே தங்கியது. மாதங்கள் கழித்து வேறோர் ஏட்டுச் சுவடியைப் புரட்டும்போது அவ்வடி எதிர்ப்பட்டது. உடனே, இது அங்கே கண்டதன்றோ என்ற நினைவு எழுந்தது. திருவாவடுதுறை மடத்து ஏடுகளிடையே கிடந்த பழஞ்சுவடிகளை இன்னவை என்று அடையாளங்கண்டு, எட்டுத்தொகை பத்துப்பாட்டு என்னும் பெருநிதிகளுக்கு வழிகண்டது இத்தகைய நினைவினாலேயே. பக்க எண்ணும் முதற்குறிப்பகராதியும் உள்ள அச்சுப் புத்தகங்கள் அல்ல அவை, புள்ளியும் இல்லை, கொம்புக்கும் காலுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. தேடுபவன் நெஞ்சே அகராதியாக இருந்தாலன்றி அங்கே ஒன்றும் அகப்படாது. சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன.

அவர்கள் நெஞ்சை மட்டும் நம்பியிருக்கவுமில்லை. எந்தச் சொல் எந்த இடத்தில் எப்பொருளில் வந்ததென்று குறித்துக்கொண்டே போனார்கள். பதிப்புக்களின் இறுதியில் நாம் காணும் அரும்பத அகராதிகள் அக்குறிப்புக்களின் விளைவு. பரீட்சைக்கு வேண்டிய பகுதியை மட்டும் படிக்கும் நம்மவர் அப்பக்கங்களைப் புரட்டுவதில்லை. புரட்டிப் பார்த்தால், ஒரு சொல் நூலின் பல்வேறிடங்களில் வந்த முறையை எண்ணோடு காணலாம்; ஒவ்வோர் எண்ணும் அச்சொல்லை அவர் மீண்டும் ஒருமுறை சந்தித்த நாள்.

இக்காலத்து மாணாக்கன் யமக அந்தாதிகளை வரிசையாகப் பாடங்கேட்டல் இயலாது. விடியற்காலை இருட்டிலே உபாத்தியாயர் திண்ணைக்குப் போதலும் இயலாது. ஆனால் இடைவெளி நீட்டிப் பயிலும் முறையை எவரும் தனியே கைக்கொள்ளலாம். ஜெர்மானிய நாட்டு லைட்னர் என்பவர் 1972இல் வெளியிட்ட நூலொன்றில் எளிய வழி கூறினார். ஐந்து அறையுள்ள ஓர் அட்டைப்பெட்டி. சிறு சிறு சீட்டுகள். சீட்டின் ஒருபுறம் சொல், மறுபுறம் பொருள். புதுச்சீட்டு முதலறையில் இருக்கும். அதனை நாடோறும் எடுத்துக் கேட்டுக்கொள்ளவேண்டும். பொருள் சரியாகச் சொன்னால் இரண்டாமறைக்குப் போகும். அதனைச் சில நாளுக்கு ஒருமுறை பார்த்தாற் போதும். இவ்வாறு அறை ஏற ஏற இடைவெளி நீளும். ஐந்தாமறைச் சீட்டு மாதங் கழித்தே கைக்கு வரும். தவறிய சீட்டு எவ்வறையில் இருந்தாலும் முதலறைக்கே திரும்பும். கைப்பேசியில் இதனைக் கணக்கிட்டுத் தரும் செயலிகளும் இப்போது உள்ளன. ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரையுள்ள சிறு ரயில் பயணத்தில் இருபது சீட்டுகள் தாராளமாகப் பார்க்கலாமென்று கண்டோம், நிற்க இடங்கிடைத்தால்!

இம்முறையில் இரண்டு எச்சரிக்கை உண்டு. சீட்டைப் புரட்டிப் பொருளைப் பார்த்துத் தலையசைத்தல் பயிற்சியாகாது. பொருளை முதலிலே தானே சொல்லிப் பின்னரே புரட்டவேண்டும். உபாத்தியாயர் பூவின் பெயரைக் காலையில் தாமே சொல்லிவிடவில்லையன்றோ? மற்றொன்று, தனிச்சொல்லை எழுதுவதினும் அது வந்த அடியைச் சுட்டி எழுதுதல் நலம். தனிச்சொல் நிகண்டு, அடியோடு கூடிய சொல் சிந்தாமணி. முதலியார் கேட்ட கேள்விக்கு முன்னும் பின்னும் ஐயரவர்கள் நின்ற நிலைகள் இவ்விரண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனில் நூறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள. அது கையிலிருக்க மனனம் எதற்கு என்பார் உளர். அகராதி, ஐயுற்ற சொல்லுக்கு விடை தரும். ஐயமே எழாதவனுக்கு அது என்ன செய்யும்? ஏட்டில் ஓரடியைக் கண்ட மாத்திரத்தில் முன்பு கண்ட மற்றோரடி நெஞ்சிலே தோன்றுதலை எந்த அகராதியும் செய்துகொடுப்பதில்லை.

ஐயரவர்கள் 1903இல் சென்னை இராசதானிக் கலாசாலைக்கு மாற்றப்பெற்று, 1919 வரை அங்கே ஆசிரியராயிருந்தார்கள். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்து டாக்டர் பட்டமும் வந்தன. இவை யாவரும் அறிந்தவை. நம் பொருளுக்கு வேண்டியது, 1940இல் அவர்கள் எண்பத்தைந்தாம் வயதில் ஆனந்த விகடனில் வாரந்தோறும் தம் சரித்திரத்தை எழுதத் தொடங்கியமையே. கடிதங்களும் குறிப்புக்களும் துணையாயிருந்தன என்பது உண்மை. ஆயினும் திண்ணைப் பள்ளியின் வெயில் நேரமும், மாயூரத்து முதற்சந்திப்பிற் பேசிய பேச்சும், எந்த ஆசிரியரிடம் எந்த நூல் பாடங்கேட்டோம் என்ற வரிசையும் எந்தக் கடிதத்தில் எழுதியிருக்கும்? அவற்றை மாணாக்கர்க்கும் நண்பர்க்கும் ஐம்பதாண்டுகளாக இடையிடையே சொல்லிச் சொல்லி வந்தவர்கள் அவர்கள். பிள்ளையவர்களின் பெயரைச் சொல்லாமல் ஒரு நாள் கழிந்திராது. சொல்லுந்தோறும் அந்நினைவு புதுப்பிக்கப்பட்டது.

அச்சரித்திரம் முற்றுப்பெறவில்லை. 1942 ஏப்ரல் 6ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. சென்னையிற் பீதி பரவிற்று. மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். எண்பத்தேழு வயதான ஐயரவர்களும் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த தியாகராச விலாசத்தை விட்டுத் திருக்கழுக்குன்றத்திற்கு வந்து தங்கினார்கள். தியாகராசர் என்பது கும்பகோணத்தில் தமக்கு இடந்தந்த செட்டியாரின் பெயர். வீட்டுக்கு அப்பெயரிட்டு நாளும் அதனைச் சொல்லி வாழ்ந்தவர் அதனைப் பிரிந்து மூன்று வாரமும் இருக்கவில்லை. அம்மாதம் 28ஆம் நாள் அவர்கள் மறைந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1943இல், ருக்மிணி தேவி அவர்களின் முயற்சியால் அடையாற்றில் ஐயரவர்கள் பெயரால் ஒரு நூல்நிலையம் நிறுவப்பட்டது. அவர்கள் தேடிய ஏட்டுச் சுவடிகளும், கைப்பட எழுதிய குறிப்புப் புத்தகங்களும் அங்கே சேர்ந்தன. இன்று அது பெசன்ட் நகரில் உள்ளது.